ஆவாரம் பட்டையும் அரிசிச் சோறும்: 'மூலிகை நொதியைத் தடுக்கிறது' என்றால் என்ன?

வேலூர் மார்க்கெட் பக்கம் எந்த நாட்டு மருந்துக் கடையில் போய் நின்றாலும் சர்க்கரைக்கென்று தனியாக ஒரு வரிசை வைத்திருப்பார்கள். காய்ந்த ஆவாரம்பூ, நாவல் கொட்டைத் தூள், சிறுகுறிஞ்சான், வெந்தயம், வேங்கைப் பட்டை, இதெல்லாம் கலந்து அரைத்த சூரணம். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கும்: இந்த இலைச் சாறு சர்க்கரை நோய்க்குக் காரணமான நொதியைத் தடுப்பதாக ஆய்வில் தெரியவந்துள்ளது என்று.

அந்தச் செய்தியில் பாதி சரி. நிறைய செடிகளின் சாறு அப்படிப்பட்ட நொதிகளைத் தடுக்கிறது, அது சோதனைக் குழாயில் பார்த்த உண்மை. ஆனால் அந்த நொதி நோய்க்குக் காரணமில்லை. அது எல்லோர் வயிற்றிலும் இருப்பது, இருக்க வேண்டியது. அது இல்லாவிட்டால் சாப்பிட்ட சோறு உடம்பில் சேராது. பிறகு ஏன் அதைத் தடுக்கப் பார்க்கிறார்கள்? அங்கிருந்து தொடங்கினால்தான் எந்த மூலிகைச் செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பது பிடிபடும்.

ஒரு தட்டுச் சோறு ரத்தத்துக்குள் போகும் வழி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெரியவர் ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. வெறும் வயிற்றில் சுகர் 100 என்று ரிப்போர்ட் வந்தால், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 100 மில்லி கிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். மொத்த ரத்தத்துக்கும் கணக்குப் போட்டால் 5 கிராம்தான் வருகிறது. ஒரு டீஸ்பூன் அளவு, அவ்வளவே.

இப்போது 200 கிராம் வெள்ளைச் சோறு சாப்பிடுகிறோம். அதில் ஏறக்குறைய 55 கிராம் மாவுச்சத்து இருக்கும். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்த நீளமான சங்கிலி. செரித்து முடிந்தால் அத்தனையும் குளுக்கோஸ். ரத்தத்தில் மொத்தமே 5 கிராம் இருக்கும் இடத்துக்குள், அதைப்போல பதினோரு மடங்கு குளுக்கோஸ் இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்து இறங்குகிறது. நல்ல உடம்பில் இன்சுலின் உடனே வேலை செய்து அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்பிவிடும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இந்த அனுப்பும் வேலை மந்தமாகிவிடுகிறது. அதனால்தான் சாப்பிட்ட பின் பார்க்கும் சுகர் 250, 300 என்று ஏறி நிற்கிறது.

அனுப்பும் வேலையைச் சட்டென்று சரிசெய்ய முடியாது. வந்து இறங்கும் வேகத்தைக் குறைக்கலாமா? நொதியைத் தடுக்கும் யோசனை பிறந்த இடம் இதுதான்.

சங்கிலியை வெட்டுவதில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியின் வேலை. எச்சிலில் கொஞ்சமும் கணைய நீரில் நிறையவும் இருக்கிறது. சோற்றை விழுங்காமல் வாயிலேயே மென்றுகொண்டிருந்தால் லேசாக இனிப்புத் தட்டுமே, அது எச்சில் அமைலேஸின் கைவேலை. நீளச் சங்கிலியை இது இரண்டு மூன்று குளுக்கோஸ் கொண்ட துண்டுகளாக்கும். துண்டுகள் அப்படியே ரத்தத்துக்குள் போக முடியாது, தனித்தனிக் குளுக்கோஸ் ஆக வேண்டும். அந்தக் கடைசி வெட்டு சிறுகுடலின் உள் சுவரில் நடக்கிறது. அங்கே குடியிருக்கும் நொதிகளுக்குப் பொதுப் பெயர் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ். நாம் டீயில் போடும் சர்க்கரையை உடைக்கும் நொதியும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. கடைசியில் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிவரும்.

துண்டு போட்டு இடம் பிடிப்பது

ஒவ்வொரு நொதியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. வெட்ட வேண்டிய சர்க்கரைத் துண்டு அதில் வந்து உட்கார்ந்தால்தான் வெட்டு விழும். வேலூர் பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை வண்டி வந்து நின்றதும் ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டைப் போடுவார்களே, அந்த மாதிரி, சர்க்கரை போலவே உருவம் கொண்ட ஒரு மூலக்கூறு முந்திக்கொண்டு அந்தப் பள்ளத்தில் இடம் பிடித்துவிட்டால் உண்மையான சர்க்கரைத் துண்டு காத்திருக்க வேண்டியதுதான். இப்படி இடம் பிடித்து வேலையைத் தாமதப்படுத்தும் பொருளைத் தடுப்பான் என்கிறார்கள். தாமதம்தான், நிரந்தர நிறுத்தம் இல்லை. சுகர் ஒரேயடியாக ஏறாமல் மெதுவாக, தாழ்வாக ஏறும்.

இது வெறும் ஆராய்ச்சி யோசனை இல்லை, மருந்துக் கடையில் ஏற்கனவே இருக்கிறது. அக்கார்போஸ் 1990-களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் உள்ள மாத்திரை. ஆக்டினோபிளேன்ஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. வோக்ளிபோஸ் 1994-ல் ஜப்பானில் வந்தது. நம் ஊரில் சுகர் மாத்திரை எடுப்பவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மெட்ஃபார்மினோடு சேர்த்து இந்தப் பெயர் இருப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். உணவின் முதல் கவளத்தோடு சாப்பிடச் சொல்வதன் காரணமும் இப்போது புரியும். சோறு வருமுன்பே போய் இடம் பிடிக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பெரிய பயன் இல்லை.

இந்த மாத்திரைகளில் வயிறு உப்புசம், வாயு தொல்லை சகஜம். சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கின்றன, வாயு உண்டாகிறது. முதல் கட்ட நொதியான அமைலேஸைப் பலமாகத் தடுத்தால் இந்தத் தொல்லை இன்னும் கூடும். அதனால் அமைலேஸை லேசாகவும் குளுக்கோசிடேஸைப் பலமாகவும் தடுக்கும் பொருளையே ஆராய்ச்சியாளர்கள் விரும்பித் தேடுகிறார்கள். 'இந்தச் சாறு அமைலேஸை 95 சதவீதம் தடுத்தது' என்று பெருமையாகப் போடும் செய்தியைப் பார்த்தால் எனக்கு முதலில் வயிற்று உப்புசம்தான் ஞாபகம் வரும்.

செடிகள் ஏன் இதை வைத்திருக்கின்றன?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மல்பெரி இலையை எடுத்துக்கொள்வோம். ஆரணிப் பட்டுக்குப் பேர் போன நம் பக்கத்தில் அதைத் தெரியாதவர்கள் இல்லை. மல்பெரியில் டீஆக்சிநோஜிரிமைசின் என்ற பொருள் இருக்கிறது. பார்க்க அச்சு அசலாகக் குளுக்கோஸ் போல இருக்கும், வளையத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கும். நொதி ஏமாந்து அதைப் பள்ளத்துக்குள் விடுகிறது, ஆனால் வெட்ட முடிவதில்லை.

மனிதனின் சர்க்கரை நோயை நினைத்து மல்பெரி இதைத் தயாரிக்கவில்லை. இலையைத் தின்ன வரும் புழுக்களின் செரிமான நொதியைக் கட்டிப்போடத்தான் வைத்திருக்கிறது. மல்பெரியின் பாலில் உள்ள இத்தகைய பொருள்கள் மற்ற புழுக்களுக்கு விஷம். பட்டுப்புழுவின் நொதிகள் மட்டும் இதற்கு மசியாதபடி மாறிவிட்டன, அதனால்தான் அது மல்பெரியே கதியென்று கிடக்கிறது.

1976-ல் ஜப்பானியர்கள் மல்பெரி வேரிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பின்னாளில் இதையே சற்று மாற்றி மிக்ளிட்டால் என்ற மாத்திரை வந்தது. சீனாவில் மல்பெரிக் கிளையிலிருந்து எடுத்த ஆல்கலாய்டு மாத்திரைக்கு 2020-ல் அரசு அனுமதி கிடைத்தது. செடிச் சாற்றிலிருந்து மருந்து வரவே வராது என்று சொல்பவர்களுக்கு இது பதில். அப்படி வருவதற்கு எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்: பொருள் எது என்று கண்டு, பிரித்து, அளவு நிர்ணயித்து, மனிதர்களிடம் சோதித்து, அதற்குப் பிறகுதான் மாத்திரை.

சித்த மருத்துவத்தில் பொன்கொரண்டி என்று வழங்கும் கொடிக்கும் இதே மாதிரி ஒரு கதை. இலங்கையில் அந்தக் கொடியின் கட்டையைக் குடைந்து செய்த குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்துச் சர்க்கரை நோயாளிகள் குடிப்பார்கள். 1997-ல் அதிலிருந்து சலசினால் என்ற பொருளைப் பிரித்துக் காட்டினார்கள். அது ஆல்ஃபா குளுக்கோசிடேஸைப் பலமாகத் தடுக்கும் பொருள். மனிதர்களிடம் நடந்த சிறிய சோதனைகளிலும் பொன்கொரண்டிச் சாறு சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் உயர்வைக் குறைத்திருக்கிறது.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்

ஜவ்வாது மலையிலோ ஏலகிரியிலோ பறித்து வந்த இலையை நிழலில் காய வைத்து, பொடித்து, மெத்தனால் போன்ற கரைப்பானில் ஊற வைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கினால் அடியில் பிசுபிசுப்பாக ஒரு கரும்பச்சைப் பசை மிஞ்சும். இதுதான் அந்தச் 'சாறு'. நாம் வீட்டில் கொதிக்க வைத்துக் குடிக்கும் கஷாயம் வேறு. தண்ணீரில் இறங்கும் பொருள்கள் வேறு, மெத்தனாலில் இறங்குபவை வேறு. ஆய்வுக் கட்டுரையில் மெத்தனால் சாறு வேலை செய்தது என்றிருந்தால், உங்கள் கஷாயமும் அதையே செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக நொதியோடு சேர்த்து, எந்த அளவில் நொதியின் வேலை பாதியாகக் குறைகிறது என்று பார்ப்பார்கள். அந்த அளவுக்குத்தான் ஐசி50 என்று பெயர். எண் சின்னதாக இருந்தால் தடுப்பு பலமானது என்று அர்த்தம்.

இதன் ஒரு எளிய வடிவத்தை வீட்டிலேயே செய்யலாம். நான்கு டம்ளரில் நன்றாக நீர்த்த அரிசிக் கஞ்சியை ஊற்றுங்கள். முதல் டம்ளரில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் எச்சில் துப்பிக் கலக்குங்கள். மூன்றாவதில் எச்சிலும் திக்கான ஆவாரம்பூக் கஷாயமும். நான்காவதில் கஷாயம் மட்டும். கால் மணி நேரம் வெதுவெதுப்பாக வைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் காயத்துக்குப் போடும் பீட்டாடின் ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து மிச்சமிருந்தால் அயோடின் கருநீலமாகும். முதல் டம்ளர் கருநீலமாகும். எச்சில் நன்றாக வேலை செய்திருந்தால் இரண்டாவதில் நீலம் வராது. மூன்றாவதில் நீலம் இருந்தால் கஷாயம் எச்சிலைத் தடுத்தது என்று சொல்லத் தோன்றும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் செய்து காட்டுங்கள், முடிந்ததும் கொட்டிவிடுங்கள்.

நான்காவது டம்ளர் எதற்கு? கஷாயத்தில் உள்ள பொருள்கள் அயோடினையே நிறமற்றதாக்கிவிடும் வாய்ப்பு உண்டு, எலுமிச்சைச் சாறு விட்டால் நீலம் மறைவது மாதிரி. எச்சில் இல்லாத நான்காவதிலும் நீலம் காணாமல் போனால் மூன்றாவது டம்ளரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. இப்படி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு டம்ளர் வைக்காத சோதனையை நான் நம்ப மாட்டேன். ஆய்வகத்துக்கும் இதே விதிதான்.

டேனரிக்காரர்களுக்குத் தெரிந்த ரகசியம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. இந்த ஊர்களில் தோல் தொழிலை அறியாத குடும்பம் குறைவு. இன்று தோல் பதனிடுவது பெரும்பாலும் குரோம் உப்பால்தான். ஆனால் குரோம் வருவதற்கு முன் தென்னிந்தியத் தோலைப் பதனிட்டது ஆவாரம் பட்டை. கூடவே கடுக்காய். சர்க்கரைக்குப் பூவை வாங்குகிறோமே, அதே ஆவாரைதான்.

பட்டையில் உள்ள டேனின் என்ற துவர்ப்புப் பொருள் புரதத்தோடு இறுக ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தோல் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். அதை அப்படியே விட்டால் பாக்டீரியாவின் நொதிகள் தின்று அழுகிப்போகும். டேனின் கொலாஜன் இழைகளைச் சேர்த்துப் பிணைத்துவிட்டால் நொதிகளால் அதைத் தொட முடியாது, தோல் கெடாது. பிஞ்சு மாதுளையையோ கடுக்காயையோ கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அங்கும் எச்சிலின் புரதங்களோடு டேனின் ஒட்டுகிறது.

சரி, நொதி என்பது என்ன? அதுவும் புரதம்தான். டேனின் உள்ள எந்தச் சாற்றையும் நொதியோடு கலந்தால் நொதியின் மேல் டேனின் அப்பிக்கொள்ளும். நொதி வேலை செய்யாது. ஆய்வகக் கருவி தடுப்பு 90 சதவீதம் என்று காட்டும். ஆனால் இது அந்தப் பள்ளத்தில் அளவாகப் போய் உட்காரும் தடுப்பு இல்லை. கண்ணில் பட்ட புரதத்தையெல்லாம் பிடிக்கும் ஒட்டல். நாவல் கொட்டை, மாதுளைத் தோல், கடுக்காய், கருவேலம் பட்டை, ஏன், கடையில் வாங்கும் டீத்தூள்கூட இந்தச் சோதனையில் நல்ல மார்க் வாங்கும்.

குழாயில் நொதி ஒன்றுதான் புரதம், அதனால் டேனின் முழுவதும் அதன் மேல் விழுகிறது. வயிற்றில் அப்படியா? சோற்றோடு பருப்பு இருக்கிறது, மோர் இருக்கிறது, ஆம்பூர்க்காரர் என்றால் பிரியாணிக் கறி இருக்கிறது. டேனின் முதலில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். நொதிக்கு எவ்வளவு மிஞ்சும் என்பது வேறு கதை. கவனமான ஆய்வாளர்கள் அதனால் சாற்றிலிருந்து டேனினை நீக்கிவிட்டும் ஒருமுறை சோதிப்பார்கள், அல்லது வேறு புரதத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்போதும் தடுப்பு நிலைத்தால் உள்ளே உருப்படியான ஒரு பொருள் இருக்கிறது என்று அர்த்தம். டேனினால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை, உணவோடு சேரும்போது அதுவும் கொஞ்சம் செரிமானத்தை மெதுவாக்கலாம். ஆனால் குழாயில் வந்த சதவீதத்தை வயிற்றுக்கு எடுத்துப் போக முடியாது.

இன்னொரு பொறி, ஈஸ்ட். விலை குறைவு என்பதால் பல ஆய்வகங்கள் ஈஸ்டிலிருந்து எடுத்த ஆல்ஃபா குளுக்கோசிடேஸை வைத்தே சோதிக்கின்றன. அது நம் குடலில் உள்ள நொதியின் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. அக்கார்போஸ் நம் குடல் நொதியைப் பலமாகத் தடுக்கும், ஈஸ்ட் நொதியிடம் அதன் பலம் செல்லாது. அதனால் ஈஸ்ட் சோதனையில் எந்த இலையை அரைத்துப் போட்டாலும் 'அக்கார்போஸைவிடச் சிறந்தது' என்று வந்து நிற்கும். செய்தியில் அந்த ஒப்பீட்டைப் பார்த்ததும் எந்த நொதி என்று கேளுங்கள். எலியின் குடல் நொதி என்றால் மதிப்பு கூடுதல், மனித நொதி என்றால் இன்னும் மேல்.

குழாய்க்கும் வயிற்றுக்கும் உள்ள தூரத்துக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த அமைலேஸ் தடுப்பானை 'எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், மாவுச்சத்து சேராது' என்று சொல்லி மாத்திரையாக விற்றார்கள். குழாயில் அது பிரமாதமாக வேலை செய்தது. 1982-ல் மனிதர்களுக்குக் கொடுத்து, செரிக்காமல் வெளியேறியதை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்ட மாவுச்சத்து அப்படியே செரித்திருந்தது. கணையம் தேவைக்கு மேல் பல மடங்கு அமைலேஸைச் சுரக்கிறது, கொஞ்சத்தைத் தடுத்தால் மிச்சம் வேலையை முடித்துவிடும். அமெரிக்க மருந்துத் துறை அந்த விற்பனையை நிறுத்தியது.

நம் ஊர் மூலிகைகள்

ஆவாரம்பூ பற்றிச் சொன்னேன். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளிடம் அது குடல் நொதியைத் தடுத்து, சாப்பாட்டுக்குப் பிந்தைய உயர்வை அக்கார்போஸுக்கு இணையாகக் குறைத்தது. எலி என்பது குழாயைவிட ஒரு படி மேல், மனிதனுக்கு ஒரு படி கீழ். நாவல் இலை டீயை பிரேசிலில் சர்க்கரை நோயாளிகளுக்கு முறையாகக் கொடுத்துச் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. அது இலை, நாம் சாப்பிடுவது கொட்டை என்பதையும் சொல்ல வேண்டும். வேங்கையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே பல ஊர்களில் புதிய நோயாளிகளிடம் சோதித்து, 1998-ல் சாதகமான முடிவை வெளியிட்டது, ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லை. நான்காவது டம்ளர் இல்லாத சோதனை. வெந்தயம் வேலை செய்வது பெரும்பாலும் அதன் கொழகொழப்பான நார்ச்சத்தால், நொதியைப் பூட்டுவதால் இல்லை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி இருக்கும். அது நாக்கின் இனிப்பு உணர்வை மறைப்பது, ரத்தச் சர்க்கரைக்கும் அந்த வித்தைக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

கேழ்வரகின் மேல்தோலில் உள்ள பொருள்களும் இந்த இரண்டு நொதிகளையும் தடுப்பதாகக் குழாய்ச் சோதனைகள் உண்டு. அதற்காகக் களி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஆகாது. நைசாக அரைத்த மாவு சீக்கிரம் செரிக்கும், உருண்டையின் அளவுதான் சுகரைத் தீர்மானிக்கும்.

இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனை உடைக்கும் டிபிபி-4 என்ற வேறொரு நொதியையும் தடுக்கிறார்கள், சிட்டாகிளிப்டின் போன்ற மாத்திரைகள் அந்த வகை. மூலிகைக் கட்டுரைகளில் இந்தப் பெயரும் அடிபடும். ஆனால் அதைத் தடுக்கும் பொருள் ரத்தத்தில் கலந்தாக வேண்டும். அமைலேஸும் குளுக்கோசிடேஸும் குடலுக்குள்ளேயே இருப்பதால் சாறு அங்கே போய்ச் சேர்ந்தாலே போதும். செடிச் சாறுகளுக்கு நியாயமான வாய்ப்பு இந்த இரண்டில்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

குடிப்பவர்கள் செய்ய வேண்டியது

ஆவாரம்பூ டீயோ சூரணமோ குடிக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். திட்டு வாங்குவோமோ என்று பலர் சொல்வதே இல்லை. ஏற்கனவே போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் வீட்டுக் குளுக்கோமீட்டர் போதும். அதே நேரம், அதே சாப்பாடு, அதே அளவு. சில நாள் டீயோடு, சில நாள் டீ இல்லாமல், சாப்பிடும் முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, இது அவசரத்துக்கு உதவும். அக்கார்போஸ் அல்லது வோக்ளிபோஸை கிளிமிபிரைடு மாத்திரையுடனோ இன்சுலினுடனோ சேர்த்து எடுப்பவர்களுக்கு லோ சுகர் வந்தால், வீட்டுச் சர்க்கரையோ சாக்லேட்டோ கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. சர்க்கரையை உடைக்கும் நொதியும் அந்த மாத்திரையால் அடைபட்டிருக்கும், சுகர் ஏற நேரமாகும். மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அது ஏற்கனவே தனிக் குளுக்கோஸ், எந்த நொதியும் வெட்ட வேண்டியதில்லை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.